ஆடுகளமும் ஒன்றரை ஷிப்டும்

உடல் வலிமையைப் போற்றும் கட்டுரைகளும் சொற்பொழிவுகளும் நம்மிடையே மிகப் பல. ஆயின், அவ்வலிமை ஒருவனிடத்தில் எத்துணைக் காலம் நிற்கும், அது நிலைத்து நிற்பதற்கு அவனைச் சூழ்ந்துள்ளார் செய்யத்தக்கது யாது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. ஆட்டக்காரன் ஒருவன் இளமையிற் சிறந்து விளங்கினால் அதனைப் பிறவிப் பேறு என்கிறோம். இருபத்தைந்தாம் வயதில் அவன் களத்தை விட்டு நீங்கினால் அதனை ஊழ் என்று சொல்லி அமைகிறோம். இவை இரண்டும் முழு உண்மை ஆகா. நெடுநாள் நின்று ஆடுதல் தனி ஒருவன் திறமையால் மட்டும் கைகூடுவதன்று. அவனுக்குச் சோறளிக்கும் தொழிலும், அத்தொழில் அவனுக்கு விட்டுக்கொடுக்கும் நேரமும் கூடியே அதனை ஆக்குகின்றன. பனியன் தொழிலால் வாழும் திருப்பூர் வட்டாரத்தினராகிய நாம், இவ்வுண்மையைப் பிறரினும் மிகுதியாகச் சிந்தித்தல் வேண்டும்.

நெடுநாள் ஆடியோருக்கு எடுத்துக்காட்டாக நம் தமிழ்நாட்டுக் கபடி வீரர் ஒருவரையே காட்டலாம். தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் 1975-ஆம் ஆண்டிற் பிறந்தவர் தர்மராஜ் சேரலாதன். புரோ கபடி என்னும் போட்டித் தொடர் 2014-ஆம் ஆண்டில் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. பெரும்பாலான ஆட்டக்காரர் ஓய்வு பெற்று ஊர் திரும்பும் வயது அது. அவரோ அவ்வயதிலேதான் நாடறிந்த வீரரானார். பெங்களூர், பாட்னா, புனே, மும்பை, அரியானா, ஜெய்ப்பூர் முதலிய பல அணிகளில் அவர் ஆடினார். 2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாட்னா அணியின் தலைவராக நின்று, இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் அணியை வென்று கோப்பையைக் கைக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நிகழ்ந்த உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணியில் இடம்பெற்றார். முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் 32-க்கு 34 என்னும் கணக்கில் தோற்ற அவ்வணி, இறுதியில் ஈரானை 38-க்கு 29 என்னும் கணக்கில் வென்றது. உலகக் கோப்பை வென்ற அணியில் நின்றபோது சேரலாதனுக்கு வயது நாற்பத்தொன்று. அதன் பின்னரும் அவர் ஓயவில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய எட்டாம் தொடரில், நாற்பத்தாறாம் வயதில், தம் வயதிற் பாதியும் நிரம்பாத இளைஞரோடு ஒரே வரிசையில் நின்று ஆடினார். வடநாட்டு வீரரும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். 2024-ஆம் ஆண்டில் தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சியாளருள் ஒருவரானார். சேர மன்னருள் நெடுஞ்சேரலாதன் என்று ஒருவன் இருந்தமை தமிழ் கற்போர் அறிந்ததே. இவ்வீரரையும் காலத்தின் நெடுமை கருதி அப்பெயரால் அழைப்பின் பிழையாகாது.

இவர் இவ்வளவு காலம் ஆடியது எவ்வாறு? சேரலாதன் பாடிச் செல்பவர் அல்லர், பிடிப்பவர். பாடிச் செல்பவனுக்கு வேண்டுவது விரைவு. முப்பது நொடிக்குள் எதிரியின் எல்லையிற் புகுந்து, தொட்டு, கோட்டுக்குத் திரும்பவேண்டும். முழங்கால் சிறிது தளர்ந்தாலும் அவன் ஆட்டம் குன்றும். பிடிப்பவனுக்கு வேண்டுவது விரைவினும் மேலான ஒன்று. அதுவே காலம் அறியும் அறிவு. வருபவன் எந்தக் காலை ஊன்றுவான், எப்பொழுது திரும்புவான், அருகில் நிற்கும் தோழன் தன்னோடு சேர்ந்து பாய்வானா என்பனவற்றை ஒரு கணத்தில் துணிந்து கணுக்காலைப் பற்றவேண்டும். ஒரு கணம் முந்தினால் எதிரி தாவிவிடுவான். பிந்தினால் கோட்டைத் தொட்டுவிடுவான். இவ்வறிவு ஆண்டுதோறும் வளர்வதேயன்றித் தேய்வதன்று. எனினும் கைதட்டல் பெரும்பாலும் பாடிச் சென்று வருபவனுக்கே போகிறது. கூட்டத்தின் கண் ஓடுபவனைத் தொடர்கிறது, நிற்பவனைக் காண்பதில்லை.

ஆயின், அறிவு மட்டும் இருந்தால் ஒருவன் நாற்பத்தாறு வயது வரை களத்தில் நிற்க இயலுமா? இயலாது. நாள்தோறும் பயிற்சி வேண்டும்; பயிற்சிக்கு நேரம் வேண்டும்; நேரத்துக்கு வயிற்றுக் கவலை இன்மை வேண்டும். நம் நாட்டுக் கபடியின் வரலாற்றை நோக்கினால், நெடுநாள் ஆடியோர் பலர்க்குப் பின்னே நிலையான உத்தியோகம் ஒன்று நிற்பதைக் காணலாம். ராகேஷ் குமார் ரயில்வேயைச் சேர்ந்தவர். தமிழ் தலைவாஸ் அணிக்குத் தலைவராக இருந்த அஜய் தாகூர் இமாசலப் பிரதேசக் காவல் துறை அதிகாரி. தேசியப் போட்டிகளில் மாநிலங்களோடு ரயில்வே அணியும் படைத்துறை அணியும் சேர்ந்து போட்டியிடுதலும் இக்காரணத்தாலேயே. அவ்வலுவலகங்கள் தம் ஆட்டக்காரனுக்குச் சம்பளமும் கொடுத்தன; மாலைப் பொழுதையும் கொடுத்தன. அவன் பெருமையில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

இதே உண்மையை மேனாட்டு வரலாறு ஒன்று இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. ரக்பி லீக் என்னும் ஆட்டம் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பெயர்பெற்றது. அணிக்குப் பதின்மூவர், பந்தை ஏந்தி ஓடி வருபவனைப் பிடித்து வீழ்த்துவதே எதிரணியின் தொழில். நம் கபடிக்கு நெருங்கிய உறவு என்னலாம். அவ்வாட்டத்தில் கேமரன் ஸ்மித் என்னும் ஆஸ்திரேலியர் மெல்போர்ன் அணிக்காக 2002 முதல் 2020 வரை 430 ஆட்டங்கள் ஆடினார். இத்தகைய நெடுவாழ்வுக்கு இடமளித்த அவ்வாட்டம் பிறந்த கதையே நாம் கருதற்பாலது. இங்கிலாந்தின் வடபகுதியில் ஹட்டர்ஸ்ஃபீல்டு, பிராட்ஃபோர்டு, ஹாலிஃபாக்ஸ், ஓல்டாம் என்பன யாவும் நம் திருப்பூர் போன்ற நூலும் துணியும் நெய்யும் ஊர்கள். அவ்வூர் ஆட்டக்காரர் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளருமே. சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சென்றால் அவர்க்குக் கூலி இழப்பு. இழந்த கூலிக்கு ஈடு கொடுங்கள் என்று அவர்தம் சங்கங்கள் கேட்டன. ஆட்டத்தை ஆண்டுவந்த செல்வர், பொருளுக்கு ஆடுவது இழிவு என்று மறுத்தனர். கூலி இழப்பு இன்னதென்று அறியாதவர்க்கு அவ்வாறு சொல்லுதல் எளிது. 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இருபதுக்கு மேற்பட்ட சங்கங்கள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்தன. ஒரு நாள் வேலையிழப்புக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு தரலாம் என்று விதித்தன. ரக்பி லீக் என்னும் ஆட்டம் அவ்வாறு பிறந்தது. ஆலைத் தொழிலாளியின் அரைநாட் கூலியே அதன் அடிக்கல் என்பது மிகையன்று.

இனி நம் ஊரைப் பார்ப்போம். 2024-25-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஊர் திருப்பூர். அயல்நாட்டு இளைஞர் அணிந்து ஆடும் பனியன்களும் காற்சட்டைகளும் இங்குத் தைக்கப்படுகின்றன. அவற்றைத் தைக்கும் இளைஞன் எப்போது ஆடுகிறான்? இங்கு வேலை நேரத்தின் அளவு ஒரு ஷிப்டு அன்று, ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரை மணியளவிற் புகுந்தவன் இரவு எட்டரை மணியளவில் வெளிவருகிறான். பீஸ் கணக்கில் தைப்பவனுக்கு ஒரு மணி நேரம் எழுந்து செல்வதும் நேரே கூலி இழப்பு. சனிக்கிழமை மாலையிற் சம்பளம். ஞாயிறு ஒரு நாள் ஓய்வு. அந்நாளிலும் துணி துவைத்தல், சந்தைக்குச் செல்லுதல், ஊருக்குப் போய்வருதல் என்று பொழுது கழிகிறது. பொங்கலை ஒட்டி நம் வட்டாரத்துச் சிற்றூர்களில் மின்விளக்கின் ஒளியில் இரவு முழுதும் நடக்கும் கபடிப் போட்டிகளைக் காண்போர்க்கு இவ்வூரில் வீரர்க்குக் குறைவில்லை என்பது விளங்கும். ஆயின் பதினெட்டு வயதில் மண்ணைத் தடவிக்கொண்டு கோட்டில் நின்றவன், இருபத்திரண்டு வயதில் ஓவர்லாக் மிஷினில் குனிந்திருக்கிறான். பிடிப்பவனுக்குரிய அறிவு முதிர்தற்கு முன்னரே களம் அவனை இழந்துவிடுகிறது. பெண்களின் நிலை இதனினும் கடிது. 2010-ஆம் ஆண்டு முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மகளிர் கபடியும் நடைபெறுகிறது. ஆயினும் செக்கிங் மேசையில் நாள் முழுதும் நிற்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கு மாலையில் ஆடுகளம் உண்டு என்று சொல்லுவாரும் இல்லை.

முதலாளிகள் தம் பக்கத்து நியாயத்தைக் கூறுவர். குறித்த நாளிற் சரக்குக் கப்பலேறாவிடின் விமானத்தில் அனுப்பவேண்டும். அச்செலவு தம் தலைமேல் விழும். லாபம் அத்தனையும் அதிற் கரையும் என்பர். இது பொய்யன்று. தொழிலாளரும், மிகுதி நேர வேலையாற் கிடைக்கும் பணம் வீட்டு வாடகைக்கும் கடனுக்கும் வேண்டும், ஆட்டம் சோறு போடுமா என்பர். அதுவும் பொய்யன்று. ஆதலின் எல்லார்க்கும் வேலை நேரத்தைக் குறைத்துவிடுக என்று ஒரு மாணவன் ஏட்டிலிருந்து கட்டளையிடுதல் எளிதேயன்றிப் பயனுடையதாகாது. நான் கேட்பது மிகச் சிறிது. ஐந்நூறு பேர் வேலை செய்யும் கம்பெனியில் ஓர் அணிக்கு வேண்டியவர் பன்னிருவர். அப்பன்னிருவரை வாரத்தில் இரு மாலைகள், கூலி குறையாமல், ஆறு மணிக்கு விடுவித்தலால் எந்தக் கப்பலும் நின்றுவிடாது. ஹட்டர்ஸ்ஃபீல்டுச் சங்கங்கள் கேட்டதும் இவ்வளவே.

கம்பெனிகள் இதனைச் செய்யுமானால், ஊரார் செய்யவேண்டுவனவும் உள. போட்டிகளை இரவு முழுதும் நடத்தி, மறுநாட் காலையில் உறக்கமின்றி வேலைக்கு ஓடச் செய்யும் வழக்கத்தை விட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பகற்பொழுதிலும் மாலையிலும் நடத்தலாம். பரிசுத் தொகையில் ஒரு பகுதியைக் காயமுற்றோர் மருத்துவத்துக்கென ஒதுக்கலாம். ஆடி ஓய்ந்த முதியவரைப் பயிற்சிக்கு அழைத்து, அவர்க்கு மதிப்பூதியம் அளிக்கலாம். நம் கல்லூரிக்கும் இதிற் கடமை உண்டு. நம் ஆடுகளம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிறது. அதனை அந்நாளில் கம்பெனி அணிகளுக்குத் திறந்துவிட்டு, நம் மாணவர் அணியோடு அவர்களை ஆடச் செய்தால் இரு திறத்தார்க்கும் நன்மை. நம்மிற் பலர் அக்கம்பெனிகளிற் பணிபுரிவோர் மக்களும் உடன்பிறந்தாருமே அன்றோ! அவர்களோடு கோட்டின் இருபுறமும் நிற்பதில் நமக்கு நாணம் வேண்டுவதில்லை.

சேரலாதனைப் போல நாற்பத்தாறு வயது வரை ஆடுவோர் ஆயிரத்தில் ஒருவரும் அரியர். எல்லாரும் அவ்வாறு ஆகவேண்டும் என்பது என் கருத்தன்று. ஆயினும், இருபத்திரண்டில் களத்தை நீங்கும் நம் ஊர் இளைஞன் முப்பது வயது வரையிலாவது ஆடுவானாக. அவன் உடல் தளர்ந்து நீங்கினால் நாம் வருந்த வேண்டுவதில்லை. நேரம் இன்றி நீங்கினால் அக்குறை அவனுடையதன்று. அவனுக்கு நேரம் கொடுக்கக் கூடியவர்களுடையது. திருப்பூர்த் தொழிலதிபர்களும், ஊர்ப் பெரியோரும், நம் கல்லூரித் தலைவர்களும் இதனை எண்ணி, வரும் பொங்கற் போட்டிகளுக்கு முன்னரே ஆவன செய்வார்களாக.