யார் எழுதினால் ஆதாரம்?

"ரெண்டே ரெண்டு ஆதாரம் கிடைச்சாப் போதும் அம்மா" என்றாள் மாணவி. முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதப் பழகியிருந்தாள். எனக்குக் கல்லூரியில் யாப்பும் கல்லூரிக்கு வெளியே கவிதையும் கற்றுத்தந்த ஆசிரியரைப் பற்றி ஒரு பக்கம் தொடங்க வேண்டும் என்பது அவள் ஆசை. வகுப்பில் நான் அடிக்கடி அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வந்த ஆசை.

இருவரும் தேடினோம். மூன்று கவிதைத் தொகுப்புகள் கிடைத்தன. மூன்றும் அவர் சொந்தக் காசில் அச்சிட்டவை. பின்னட்டைக் குறிப்பு அவரே எழுதியது. ஒரு கவியரங்க அழைப்பிதழ், அதில் பதினோராவது பெயராக அவர். இறந்தபோது குடும்பத்தார் கட்டணம் கட்டிப் போட்ட கண்ணீர் அஞ்சலி விளம்பரம். அதில் 'ஓய்வுபெற்ற பேராசிரியை' என்று இருந்தது, கவிஞர் என்ற சொல் இல்லை. மதிப்புரை என்று ஒன்றுகூட அகப்படவில்லை.

"இது எதுவும் செல்லாதும்மா. சொந்தப் பதிப்பு, சொந்தக் குறிப்பு, சொந்தக்காரங்க விளம்பரம். தற்புகழ்ச்சின்னு நீக்கல் வார்ப்புரு வச்சிடுவாங்க."

"செத்துப்போனவங்க எப்படிம்மா தற்புகழ்ச்சி பண்ணுவாங்க?" என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு அவள் கேட்ட கேள்விக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

"நீங்க அவங்களப் பத்தி எதுவும் எழுதலையாம்மா?"

எழுதவில்லை. இருபது ஆண்டுகளில் ஆண் கவிஞர்களின் தொகுப்புகளுக்கு அணிந்துரை எழுதியிருக்கிறேன். இரண்டு மணிவிழா மலர்களுக்குக் கட்டுரை கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று, எனக்குப் பெரிதாக எதையும் கற்றுத்தராத ஒருவருடைய மலர். கேட்டார்கள், கொடுத்தேன். என் ஆசிரியருக்காக என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகவும் எழுதவில்லை.

இந்தக் கட்டுரையை விக்கிப்பீடியாவைத் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வாக்குமூலம். பல ஆண்டுகளுக்கு முன் என்னைப் பற்றி நானே அங்கே ஒரு பக்கம் எழுதினேன். 'தனித்துவமான குரல்' என்று என்னை நானே எழுதிக்கொண்ட இரவு இன்னும் நினைவிருக்கிறது. பக்கம் நீக்கப்பட்டது. அன்று கோபம் வந்தது. இன்று படித்துப் பார்த்தால் நானே நீக்கியிருப்பேன். அது கலைக்களஞ்சியக் கட்டுரை இல்லை. வேலைக்கான விண்ணப்பத்தோடு இணைக்கிற தன்விவரக் குறிப்பு.

அந்த விதி தேவையானது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்த இடத்தில் காசுள்ளவர்கள் முதலில் நுழைவார்கள். 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கைப்பாவைக் கணக்குகள் ஒரே நாளில் முடக்கப்பட்டன. ஆரஞ்ச்மூடி விவகாரம் என்று அதற்குப் பெயர். காசு வாங்கிக்கொண்டு விளம்பரக் கட்டுரை எழுதியவர்கள் அவர்கள். கட்டுரை நிராகரிக்கப்பட்ட சிறு வணிகர்களையும் கலைஞர்களையும் தேடிப்பிடித்து, தங்களை அதிகாரம் உள்ளவர்களாகக் காட்டிக்கொண்டு, 'பணம் கொடுத்தால் உங்கள் பக்கத்தைக் காப்பாற்றித் தருகிறோம்' என்று மிரட்டியும் இருக்கிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் நீக்கப்பட்டன. தற்புகழ்ச்சிக்கு எதிரான விதி தளர்ந்தால் யார் பிழைப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதனால் 'பெண்களுக்காக விதியைத் தளர்த்துங்கள்' என்று நான் கேட்கப்போவதில்லை.

தமிழ் படித்தவளுக்கு அந்த விதி புதிதும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் இதைத்தான் சொல்கிறார். எத்தனை அரிய நூலைச் செய்தாலும் ஒருவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது. அவன் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேறொருவர்தான் எழுத வேண்டும். அவனுடைய ஆசிரியன் எழுதலாம், உடன் படித்தவன் எழுதலாம், மாணாக்கன் எழுதலாம், தகுதியுள்ள உரைகாரன் எழுதலாம். எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய மூன்றாம் தரப்பு ஆதாரம் என்று இதைச் சொல்லலாம்.

பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் மாணவிகளை நிறுத்திக் கேட்பேன்: இந்த நால்வரும் எந்தப் பால்? நால்வரும் ஆண்பால். ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் என்ற நான்கு உறவும் வாய்க்கப்பெற்றவனுக்கு அடக்கம் எளிது. அவன் வாயைத் திறக்கவே வேண்டாம், நான்கு வாய்கள் அவனுக்காகப் பேசும். பள்ளியில் சேர்க்கப்படாத பெண்ணுக்கு ஆசிரியன் எங்கே? உடன் கற்றவன் எங்கே? அவள் பேசினால் அது அவள் வாய் மட்டும்தான்.

பவணந்தி கெட்டிக்காரர். அடுத்த நூற்பாவிலேயே விதிவிலக்குகளையும் வைத்தார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது, இந்த நான்கு இடத்தில் தன்னைப் புகழ்வது தகும் என்கிறார். எண்ணிப் பாருங்கள் தோழியரே, எழுதுகிற பெண் இந்த நான்கில் எந்த இடத்தில் இல்லாமல் இருக்கிறாள்?

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். இங்கே புத்திசாலியான ஆண் தன்னைத் தானே புகழ்வதில்லை. விழாக் குழு அமைக்கிறான். மணிவிழா மலர் வருகிறது. அதில் நாற்பது பேர் கட்டுரை எழுதுகிறார்கள், என்னைப் போல. அறக்கட்டளை ஒன்று விருது தருகிறது. அறக்கட்டளையில் அவன் நண்பர்கள். அவன் படைப்புகளில் 'சமுதாயச் சிந்தனைகள்' என்று ஆய்வேடு எழுதப்படுகிறது; நெறியாளர் அவன் நண்பர். நாளிதழில் செய்தி வருகிறது, பொன்னாடைப் படத்தோடு. பிறகு எவனோ ஒரு பயனர் கட்டுரை தொடங்கினால் மேற்கோள்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் அச்சில் இருப்பவை, எல்லாம் பிறர் எழுதியவை. நீக்கல் வார்ப்புருவைக் கையில் வைத்திருப்பவருக்கு இதில் தற்புகழ்ச்சி எப்படித் தெரியும்? விதி பிடிப்பது தன் பக்கத்தைத் தானே எழுதிய அப்பாவிகளை மட்டும்தான், என்னைப் போல. பிறரைக்கொண்டு எழுதவைக்கத் தெரிந்தவர்களை அது பிடிப்பதில்லை.

விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், தன்னைப் பற்றிய பக்கத்தில் லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று குறிக்கும் சொற்களைத் தானே திருத்தியது 2005-இல் வெளியில் வந்தது. அவர் வருத்தம் தெரிவித்தார். அவர் பக்கம் எங்கும் போய்விடவில்லை. ஏற்கெனவே பிறரால் எழுதப்பட்டவருக்குத் தற்புகழ்ச்சி ஒரு சறுக்கல். எழுதப்படாதவளுக்கு அதுவே முடிவு.

இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லாண்டைப் பற்றிய வரைவு ஒன்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பி அனுப்பப்பட்டது. அவரைப் பற்றிப் பிறர் போதிய அளவு எழுதியதாக மேற்கோள்கள் காட்டவில்லை என்பது காரணம். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 55 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற பெண், வரலாற்றில் மூன்றாவது பெண். பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூரூவுக்கு முன்பே பக்கம் இருந்தது. இருவரும் சேர்ந்து செய்த வேலைக்குத்தான் பரிசு. ஸ்டிரிக்லாண்ட் அதற்கு முன்பே உலகளாவிய ஒளியியல் கழகம் ஒன்றின் தலைவராக இருந்தவர். கல்வியாளர்களுக்கென்று உள்ள தனி விதியின்படி அதுவே போதும். விதியில் இடம் இருந்தது, பார்த்த கண்ணில்தான் இல்லை.

இன்னொரு பெயர் கிளாரிஸ் ஃபெல்ப்ஸ். 117-ஆம் தனிமமான டென்னசைனைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட பெர்க்கிலியத்தைத் தூய்மைப்படுத்திய ஓக் ரிட்ஜ் ஆய்வகக் குழுவில் இருந்த கறுப்பினப் பெண். பெண் அறிவியலாளர்களைப் பற்றிச் சளைக்காமல் எழுதிவரும் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜெஸ் வேட் தொடங்கிய அவருடைய பக்கம் 2019-இல் நீக்கப்பட்டது. அவர் வேலைசெய்த ஆய்வகம் சொல்வது சுதந்திரமான ஆதாரம் ஆகாது என்ற வாதம் அங்கே வலுவாக எழுந்தது. 2020-இல், புதிய ஆதாரங்கள் சேர்ந்த பிறகு, பக்கம் மீட்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அவர் செய்த வேலையில் எந்த மாற்றமும் இல்லை. மற்றவர்கள் எழுதினார்கள், அவ்வளவுதான்.

இவை தனித்தனிச் சம்பவங்கள் என்று தள்ளவும் முடியாது. சமூகவியலாளர் பிரான்செஸ்கா டிரிப்போடி 2021-இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்கிறது. நீக்கலுக்கு முன்வைக்கப்பட்ட வரலாறுகளிலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெண்களுடையவை. நுழைவதில் பின்தங்கியவர்கள் வெளியேற்றப்படும் வரிசையில் முந்தி நிற்கிறார்கள்.

நீக்கும் கைகளிடம் நான் சலுகை கேட்கவில்லை, மூன்று காரியங்கள் கேட்கிறேன். முதலாவது, வார்ப்புரு வைக்கும் முன் தேடுங்கள். ஒரு பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன் அப்பாவின் தலைப்பெழுத்து, பின் கணவரின் தலைப்பெழுத்து, நடுவில் ஒரு புனைபெயர் இருக்கும். ஒரே பெயரைத் தேடிவிட்டு 'எதுவும் கிடைக்கவில்லை' என்று எழுதாதீர்கள். இரண்டாவது, மணிவிழா மலரையும் பின்னட்டைக் குறிப்பையும் ஒரே தராசில் நிறுங்கள். இரண்டும் தற்புகழ்ச்சியென்றால் இரண்டையும் தள்ளுங்கள். மூன்றாவது, சொல்லில் கவனம் வேண்டும். 'ஆதாரம் போதவில்லை' என்பது ஒரு தகவல். 'தற்புகழ்ச்சி' என்பது ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றிய தீர்ப்பு. வாசலில் நின்று பேசியவளுக்கும் மேடையேறியவளுக்கும் ஊர் என்ன பெயர் வைத்தது என்று நமக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் இன்னொரு சொல்லைச் சேர்க்காதீர்கள்.

நம்மிடம் கேட்க வேண்டியது இதைவிடப் பெரிது. கலைக்களஞ்சியம் கடைமடை. மேல்மடையில் தண்ணீர் திறக்காமல் கடைமடைக்காரனோடு சண்டை போட்டுப் பயனில்லை. மதிப்புரை, நேர்காணல், அஞ்சலிக் கட்டுரை, ஆய்வேடு, இலக்கிய வரலாறு என்று எல்லா மதகுகளும் மேலே இருக்கின்றன. அங்கே நாம் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதுகிறோமா? வை. மு. கோதைநாயகி 115 நாவல்கள் எழுதியவர். 1925 முதல் ஜகன்மோகினி இதழைத் தானே நடத்தி, தன் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டார். இன்றைய விதியின் கண்ணில் அது சொந்தப் பதிப்பு. ஜகன்மோகினியின் பக்கங்கள் மட்டும் போதா. பின்னால் வந்தவர்கள் தேடி, படித்து, அவரைப் பற்றி எழுதியதால்தான் இன்று மேற்கோள் காட்ட ஏதோ இருக்கிறது.

ஆகவே உங்கள் பக்கத்தை நீங்கள் எழுதாதீர்கள். உங்களைப் பற்றித் தவறான தகவல் இருந்தால் உரையாடல் பக்கத்தில் உங்கள் பெயரோடு போய்ச் சொல்லுங்கள், ஆதாரத்தை அங்கே வையுங்கள். அதற்கு விதி இடம் தருகிறது. பவணந்தியின் நான்கு விலக்குகளும் செல்லுபடியாகும் அவை அதுதான். மற்ற நேரத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவளின் புத்தகத்தைப் படியுங்கள். பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் எழுதுங்கள். புகழ்ச்சி ஆதாரம் ஆகாது, வாசிப்புதான் ஆதாரம். தேதியும் இதழ் எண்ணும் விடாமல் அச்சேற்றுங்கள்.

நான் என் ஆசிரியரைப் பற்றி எழுதிவிட்டேன். மூன்று தொகுப்புகளையும் மறுபடி படித்து, இரண்டாவது தொகுப்பு ஏன் தோற்றது என்பதையும் சேர்த்து எழுதினேன். இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் பெயரை இங்கே நான் சொல்லவில்லை. சொன்னால் என் மாணவி இந்த ஒரு வரியையே மேற்கோளாக வைத்துப் பக்கம் தொடங்கிவிடுவாள். போகிறபோக்கில் பெயர் சொல்வது ஆதாரமாகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

"இது ஒண்ணு ஆச்சும்மா. ஆனா நீங்க அவங்க மாணவி" என்றாள், என் கட்டுரையைப் படித்துவிட்டு. நன்னூல் மாணாக்கனை அனுமதிக்கிறது என்றேன். "விக்கிப்பீடியா யோசிக்கும்" என்றாள். அவள் சொல்வது சரி. இரண்டாவது கட்டுரையை அவரிடம் படிக்காத, அவரைப் பார்த்தே இராத ஒருத்தி எழுத வேண்டும். தொகுப்புகள் மூன்றும் எங்கள் துறை நூலகத்தில் இருக்கின்றன. கடைசியாக எடுத்த தேதி என்று சீட்டில் இருப்பது என்னுடையது. அதற்குக் கீழே இடம் நிறைய இருக்கிறது.