சுரையா, ஆமணக்கா?

“பைபிள் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. ஆதித் திருச்சபையின் அறிஞர்கள் மூலத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பொருந்தாததை மறைத்தார்கள், எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். எந்தப் புத்தகம் உள்ளே, எது வெளியே என்பதை ஒரு ரோமப் பேரரசர் தீர்மானித்தார்.” மேடைகளிலும் காணொளிகளிலும் நன்றாகப் படித்தவர்களின் பேச்சிலும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எந்த மதத்தையும் விமர்சிக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த மனிதர்கள்மீது, அவர்கள் செய்யாத குற்றத்தைச் சுமத்துவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மூலத்தைப் பார்க்கவில்லை என்ற முதல் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் இலத்தீன் பேசிய கிறிஸ்தவர்கள் வாசித்த பழைய ஏற்பாடு, எபிரெயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் போய், அங்கிருந்து இலத்தீனுக்கு வந்ததுதான். அந்தக் குறையைச் சகிக்க முடியாமல் எழுந்தவர் ஜெரோம். 386இல் பெத்லகேமில் குடியேறி, பரனினா என்ற யூத ஆசிரியருக்குப் பணம் கொடுத்து எபிரெயம் படித்தார். தன் மக்களுக்கு அஞ்சி அந்த ஆசிரியர் இரவில்தான் வந்து போனார். பிறகு ஏறக்குறைய 390 முதல் 405 வரை பதினைந்து ஆண்டுகள், எபிரெயத்திலிருந்து நேராக இலத்தீனுக்குப் பெயர்த்தார்.

அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பாருங்கள். இன்றைய லிபியாவின் திரிப்போலி அன்று ஓயா. அங்கே ஓர் ஆயர் ஜெரோமின் புதிய பெயர்ப்பைக் கோவிலில் வாசிக்கச் செய்தார். யோனாவின் கதை. அவன் தலைக்கு நிழலாக முளைத்த செடியின் பெயர் வந்ததும் சபை கொந்தளித்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கேட்டுப் பழகியது சுரைக்கொடி. ஜெரோம் எழுதியிருந்தது ஐவிக் கொடி. ஆயர் ஊரிலிருந்த யூதர்களிடம் போய் விசாரிக்க வேண்டியதாயிற்று. ஆளில்லாத கோவிலில் நிற்க வேண்டி வருமோ என்று பயந்து, கடைசியில் பழைய சொல்லுக்கே திரும்பினார். இதை 403இல் இன்னொரு வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் கவலையோடு எழுதி அனுப்ப, ஜெரோமின் பதில் வந்தது. அந்த எபிரெயச் சொல் குறிக்கும் செடிக்குத் திராட்சை இலைபோல அகன்ற இலை. மளமளவென்று சிறு மரமாக வளரும். கொழுகொம்பு இல்லாமல் தன் தண்டிலேயே நிற்கும். இலத்தீனில் அதற்குப் பெயரே கிடையாது. அதனால் முந்தைய கிரேக்கப் பெயர்ப்பாளர்கள் சிலரைப் பின்பற்றி ‘ஐவி’ என்று போட்டேன் என்றார்.

அந்த விவரிப்பைப் படிக்கும் தமிழருக்குச் செடி உடனே பிடிபடும். சுரைக்குப் பந்தல் வேண்டும், ஆமணக்குக்கு வேண்டாம். நம் தமிழ் வேதாகமத்தில் யோனா நான்காம் அதிகாரத்தில் இருப்பது ஆமணக்குச் செடிதான். நம்மிடம் பெயர் இருந்தது, ஜெரோமுக்குத் தன் மொழியில் பெயர் கிடைக்கவில்லை. தான் போட்ட சொல் சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் காரணத்தோடு எழுதி வைத்தவரையா மூலத்தைப் பாராதவர் என்பது?

அடுத்தது, பொருந்தாததை மறைத்தார்கள் என்பது. இதற்கு ஒரிஜென் ஒருவரே போதும். மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவில் வளர்ந்து செசரியாவில் வாழ்ந்த இவர், பழைய ஏற்பாட்டை ஆறு பத்திகளில் அருகருகே நிறுத்தினார்: எபிரெயம், அதே எபிரெயம் கிரேக்க எழுத்தில், பிறகு நான்கு கிரேக்கப் பெயர்ப்புகள். எபிரெயத்தில் இல்லாமல் கிரேக்கத்தில் மட்டும் இருந்த வரிகளுக்கு ஒரு குறி. கிரேக்கத்தில் விடுபட்டு எபிரெயத்தில் இருந்தவற்றுக்கு நட்சத்திரக் குறி. மறைக்க நினைப்பவன் வேறுபாடுகளை இப்படி அடையாளமிட்டு ஊரார் பார்வைக்கு வைப்பானா?

அவருக்கு யூலியு ஆப்பிரிக்கானு என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதிய கடிதம் இன்னும் அருமை. தானியேல் நூலின் கிரேக்க வடிவில் வரும் சூசன்னாள் கதையில், அவள்மீது கள்ள உறவுப் பழி சுமத்திய இரண்டு பொய்ச்சாட்சிகளைத் தானியேல் தனித்தனியாக விசாரிக்கிறான். எந்த மரத்தடியில் கண்டாய்? ஒருவன் ‘ஸ்கினோஸ்’ என்கிறான், மற்றவன் ‘பிரினோஸ்’ என்கிறான். முதலாமவனைத் தூதர் பிளப்பார், இரண்டாமவனை அறுப்பார் என்று தீர்ப்பு. கிரேக்கத்தில் ‘பிளப்பார்’ என்பது ‘ஸ்கிசெய்’. ‘அறுக்க’ என்பது ‘பிரிசாய்’. ஆக, இது சிலேடை. சிலேடை மொழி தாண்டாது என்பதைக் காளமேகத்தைப் படித்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆப்பிரிக்கானு கேட்டதும் அதுதான்: கிரேக்கத்தில் மட்டுமே ஒலிக்கும் சிலேடை எபிரெய மூலத்தில் எப்படி இருந்திருக்கும்? ஒரிஜென் கோபப்படவில்லை. யூதர்கள் பலரிடம் விசாரித்திருந்தார். மரத்தைப் பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது என்று அவர்கள் சொன்னபோது, அந்த மரங்களின் துண்டுகளையே கொண்டுவந்து முன்னால் வைத்தார். கதையை விட்டுவிட அவர் உடன்படவில்லை. என் கணிப்பில் இந்த வாதத்தில் வென்றவர் ஆப்பிரிக்கானுதான். ஆனாலும் இரு தரப்புக் கடிதங்களும் இன்றுவரை காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள் என்பது அடுத்தது. சூரியன் படைக்கப்படுவதற்கு முன் முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் எப்படி வரும் என்று கேட்டவர் இதே ஒரிஜென். ஆதியாகமத்தின் ஆறு நாட்களை நம் இருபத்து நான்கு மணி நேர நாட்களாகக் கொள்ள அகுஸ்தீனும் உடன்படவில்லை. வானத்தையும் கோள்களையும் பற்றி அறியாத கிறிஸ்தவன், வேதத்தைக் காட்டி உளறி, விஷயம் தெரிந்த பிறர் முன் வேதத்துக்கே தலைக்குனிவு தேடித் தருகிறான் என்று அவர் வேதனைப்பட்டார். மறுபக்கம், உருவகம் என்ற பெயரில் கதையைக் கரைத்துவிடாதீர்கள் என்று அலெக்சாந்திரியா வழியோடு மல்லுக்கு நின்றது அந்தியோகியா மரபு. எப்படி வாசிப்பது என்பதே நூற்றாண்டுக் கணக்கில் சண்டையாக இருந்திருக்கிறது.

பேரரசர் கதையை அதிகம் பேச வேண்டியதில்லை. கான்ஸ்டன்டைன் கூட்டிய 325ஆம் ஆண்டு நைசியா சங்கம் ஆரியு என்ற குருவின் போதனையையும் ஈஸ்டர் நாளையும் விவாதித்தது. அதன் 20 விதிகளில் ஒன்றுகூடப் புத்தகப் பட்டியலைப் பற்றியதல்ல. இன்றுள்ள 27 புதிய ஏற்பாட்டு நூல்களின் பட்டியலை அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதியது 367இல். அதற்குப் பிறகும் சிரியாக் மொழி வேதாகமமான பெஷித்தாவின் புதிய ஏற்பாடு 22 நூல்களோடுதான் இருந்தது. அரச ஆணையென்றால் அப்படி இருந்திருக்குமா?

இவர்கள்மீது வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. யூதர்களிடம் மொழி கற்று, யூதர்களிடம் மரத்தின் பெயர் கேட்டு வளர்ந்தது இந்தப் புலமை. அதே காலத்தில், 386-387இல், அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூதர்களுக்கு எதிராக நஞ்சைப் பொழிந்து பிரசங்கித்தார். ஜெரோமும் பல இடங்களில் யூதர்களை இழித்தே எழுதினார். அவருடைய பழைய நண்பர் ரூஃபீனு, பகை முற்றியபோது, இரவில் வந்து எபிரெயம் கற்றுத்தந்த அந்த மனிதரின் பெயரைப் பரனினா என்று எழுதவில்லை. ‘பரபாஸ்’ என்று திரித்து எழுதினார். இயேசுவுக்குப் பதிலாக விடுவிக்கப்பட்ட குற்றவாளியின் பெயர் அது.