மூவாயிரம் வெள்ளி மதர்போர்டு எதற்கு?

"மகன் புதுக் கணினி கட்டப்போகிறான். மொத்தம் 7,000 வெள்ளி. அதில் மதர்போர்டுக்கு மட்டும் 3,000 கேட்கிறான். கொடுக்கலாமா?" கிள்ளானிலிருந்து ஒரு தாயார் வானொலி நிலையத்துக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். கேமிங், ஓவர்கிளாக்கிங் பிரியர்களுக்காகவே செய்யப்படும் அந்த ரகப் போர்டு ஒன்று நண்பரிடம் இருந்தது. இன்டெல் 14900கே பிராசசரோடு இரண்டு வாரம் இரவல் வாங்கிச் சோதித்தேன்.

இந்த விலையில் ஒரு பகுதி மின்சாரம் பரிமாறும் பகுதிக்குப் போகிறது. பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியதோ ஏறக்குறைய ஒன்றேகால் வோல்ட். அது 253 வாட் இழுக்கும்போது சுமார் 200 ஆம்பியர் பாய்கிறது. நம் வீட்டு மெயின் சுவிட்சில் பெரும்பாலும் 63 என்றுதான் போட்டிருக்கும். வோல்ட் வேறு, நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் போர்டில் ஏன் அவ்வளவு கனமான அலுமினியக் கட்டிகள் என்று புரியும்.

பயாஸைத் திறந்ததும் கண்ணில் பட்டது மின்வரம்பு: 4,095 வாட். இரண்டு கெட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம்! வரம்பே இல்லை என்பதுதான் இதன் பொருள். இந்த ரகப் போர்டுகள் பலவற்றில் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அமைப்பு இப்படித்தான் இருந்தது. வீடியோ ரெண்டர் ஒன்றை ஓடவிட்டேன். பெரிய லிக்விட் கூலர் இருந்தும் பிராசசர் 100 டிகிரியைத் தொட்டு, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஏர்கோன் போடாத மதிய நேரத்தில் அந்த அறையில் உட்கார முடியவில்லை. 253 வாட்டுக்கு இறக்கினேன். வேலை முடிய சற்றே கூடுதல் நேரம் ஆனது, அவ்வளவுதான்.

அடுத்து ஓவர்கிளாக்கிங். 5.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.9க்கு ஏற்றினேன். போர்டு அசையவில்லை, உண்மையிலேயே நல்ல சரக்கு. ஆனால் சைபர்பங்க் 2077 விளையாட்டில் கிடைத்த கூடுதல் பிரேம்கள் இரண்டோ மூன்றோ. அதே பிராசசரை 800 வெள்ளி போர்டில் மாட்டி விளையாடியபோதும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. விளையாட்டில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு; பிராசசர் அப்போது முழு மூச்சில் ஓடுவதில்லை.

ஒலி என் தொழில் என்பதால் ஹெட்போன் துளையையும் விடவில்லை. சுத்தமான ஒலி. இருந்தாலும் குரல் பதிவுக்கு என் பழைய யூஎஸ்பி கருவியைத்தான் எடுப்பேன்.

நாள் முழுவதும் வீடியோ ரெண்டர் செய்பவர், நான்கைந்து எஸ்எஸ்டி மாட்டுபவர், ஓவர்கிளாக்கிங்கையே பொழுதுபோக்காகக் கொண்டவர் வாங்கட்டும். கணினி எழ மறுத்தால் காரணத்தை எண்ணாகக் காட்டும் சின்னத் திரை ஒன்று அதில் உண்டு. அதன் மேல் எனக்கும் ஆசைதான். கிள்ளான் தம்பிக்கு நான் சொன்னது வேறு: 800 வெள்ளி போர்டு எடு, மிச்சம் 2,200ஐ கிராபிக்ஸ் கார்டில் சேர்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசசர் வாங்குவோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அளவு மீறிய வோல்ட்டால் இவற்றில் சில நிலைகுலைந்ததை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வரும். லோ யாட்டில் கட்டித்தரச் சொன்னால், காசு கொடுக்கும் முன்பே அதைப் போட்டு, மின்வரம்பையும் இன்டெல் சொன்ன அளவில் வைத்துத் தரச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து நிமிட வேலைதான்.