வயலில் பிறந்த வானொலிச் சொல்

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே பிள்ளைகள் வளர்கின்றனர். "பேசத் தெரிந்தால் போதாதா? தமிழ் எழுத்து வேறு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் பலர். அது சரியான கேள்விதானா என்பதை ஒரே ஒரு சொல்லை வைத்துப் பார்க்கலாம்.

வானொலி நிலையம் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'பிராட்காஸ்ட்' என்று பெயர். 'பிராட்' என்றால் அகலம். 'காஸ்ட்' என்றால் வீசுதல். 18-ஆம் நூற்றாண்டில் அது உழவர் சொல். விதையைச் சாலில் வரிசையாகப் போடாமல், கையால் அள்ளி நிலமெங்கும் வீசுவதையே அது குறித்தது. 1920-களில் வானொலி பரவியபோது, யார் வீட்டில் விழும் என்று பாராமல் எல்லாத் திசையிலும் ஒலியை அனுப்பும் வேலைக்கு அந்த வயல் சொல்லே பொருத்தமாக அமைந்தது.

இதை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு விளக்க அகராதி தேவையில்லை. வேர்க்கடலையைச் சாலில் போடுவதையும், கொள்ளைக் கைவீசி விதைப்பதையும் காட்டினாலே போதும். கைவீசி விதைப்பதைத் தெலுங்கில் 'வெதஜல்லு' என்பர். அதிலுள்ள 'வெத', தமிழ் 'விதை'க்கு உடன்பிறப்பு. பூ மணம் பரப்புவதற்கும் தெலுங்கர் இதே சொல்லை வழங்குகின்றனர். ஆங்கிலச் சொல்லைப் போலவே இதுவும் வயலை விட்டு வெளியே வந்த சொல்.

தமிழில் இதற்கு 'ஒலிபரப்பு' என்று பெயர். களத்தில் நெல்லைப் பரப்புகிறார்களே, அதே பரப்புதான். வானொலி செய்வது ஒலிபரப்பு. தொலைக்காட்சி செய்வது ஒளிபரப்பு. பேச்சு வழக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே காதில் விழும். லகரத்தையும் ளகரத்தையும் எழுத்தில் கண்டு படித்த பிள்ளைக்கே வேறுபாடு விளங்கும். பேச்சுத் தமிழ் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1938-இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையத்தின் ஒலி, 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சித்தூர் ஆந்திராவுக்கும் என்று எல்லை வகுக்கப்பட்ட பிறகும் எல்லையில் நின்றுவிடவில்லை. ஒலி தானே வந்து சேரும்; எழுத்து அப்படி வருவதில்லை. அதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

கொள்ளை வீசிய உழவர் அதோடு வீடு திரும்புவதில்லை. மேலே ஓர் உழவு ஓட்டி மண்ணால் மூடுகிறார்; மூடாத விதை பறவைக்கு இரை. வீட்டுப் பேச்சு வீசிய விதை. எழுத்தே அதை மூடும் மண். நாளிதழில் தினம் ஒரு பத்தியைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கப் பெற்றோர் அருகிருந்து கேட்டால், அந்த உழவு நடந்துவிடும்.