உழைப்பு வேண்டும், பள்ளி மட்டும் வேண்டாமா?

பங்சாருக்கு அருகே புக்கிட் பெட்டாலிங் சாலையில் ஐநா அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. இடுப்பில் குழந்தையும் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களுமாக அங்கே வந்து போகிறவர்களைப் பார்க்காத பங்சார்வாசிகள் குறைவு. நாட்டில் அந்த ஆணையத்திடம் பதிவு பெற்ற அகதிகள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். பெரும்பாலோர், ரொஹிங்யாக்கள் உட்பட, மியன்மாரிலிருந்து வந்தவர்கள். இலங்கைத் தமிழரும் உண்டு.

ஆணையம் அவர்களுக்குத் தரும் யூஎன் அட்டைக்கு நம் சட்டத்தில் இடமில்லை. மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டம் அகதி என்று யாரையும் தனித்துப் பார்ப்பதில்லை. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அரசுப் பள்ளியில் பிள்ளைக்கு இடம் கிடையாது. வேலை அனுமதியும் கிடையாது, ஆனால் வேலை நடக்கிறது. செலாயாங் மொத்தச் சந்தையில் விடியுமுன் காய்கறிக் கூடை சுமப்பவரும், உணவகப் பின்கட்டில் மங்கு கழுவுபவரும் யார் என்று நமக்குத் தெரியும். சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் அவர் எங்கே போய்ப் புகார் செய்வார்? பிடிபடும் பயமே வாயைக் கட்டிவிடும்.

“நம் பிள்ளைகளே சிவப்பு ஐசியோடு அலைகிறார்கள், இவர்களுக்கு என்ன அவசரம்?” என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். நியாயமான ஆதங்கம். ஆனால் நம் பிள்ளைக்குக் குடியுரிமைக்கான நீல ஐசி கிடைக்காததற்கு ரொஹிங்யா குடும்பம் காரணமல்ல. பிள்ளையைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்க்கிற அதே மனப்பான்மைதான் இரண்டு பேரையும் ஓரத்தில் நிறுத்துகிறது.

பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அந்தக் காலத்தில், 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலேயே பள்ளி நடத்த வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. குடியுரிமை பற்றிய கேள்வியே அதில் இல்லை. உழைப்பை வாங்குகிறவன் உழைப்பவர் பிள்ளையின் படிப்புக்கும் பொறுப்பு. காலனி அரசுகூட ஏற்ற இந்தக் கணக்கைச் சுதந்திர மலேசியா ஏற்கத் தயங்குவது எனக்கு வேதனை.

2017-இல் 300 ரொஹிங்யாக்களைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் அமர்த்தும் முன்னோட்டத் திட்டம் வந்தது, நிலைக்கவில்லை. 2025 ஜனவரியில், அவர்களில் பலர் குடியேறக் காத்திருந்த அமெரிக்காவும் அகதிகளை ஏற்பதை நிறுத்திவைத்தது. இனி இது தற்காலிகப் பிரச்சினை என்று தள்ளிப்போட முடியாது. அவர்கள் ஏற்கெனவே செய்யும் வேலையை அரசு சட்டத்துக்குள் கொண்டுவரட்டும். முதலாளிகள் முறையான சம்பளத்தோடு சொக்சோ காப்புறுதிச் சந்தாவும் கட்டட்டும். கோவில் மண்டபங்களும் சங்கக் கட்டடங்களும் வார நாட்களில் பூட்டித்தான் கிடக்கின்றன. அகதிப் பிள்ளைகளின் கற்றல் மையங்களுக்கு அவற்றைத் திறந்துவிட நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.