காலுறை நூலும் ‘வடிவமைப்பாளர்’ என்ற சொல்லும்

குல்லுப் பள்ளத்தாக்கின் மேல்மலைக் கிராமம் ஒன்றில், ஐந்து பெண்களோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகக் காலுறை பின்னுவதற்கான வண்ணக் கம்பளி நூல் தயாரித்து வருகிறேன். ஆய்வேட்டின் ஒரு இயலுக்காகத் தொடங்கிய வேலை இது; இப்போது ஆய்வேட்டையே தின்றுகொண்டிருக்கிறது என்பது என் நெறியாளரின் கருத்து. அதில் உண்மை உண்டு.

சென்ற மாதம் தொழில்முனைவு வளர்ப்பு மையம் ஒன்று எங்கள் நூலைத் தன் கண்காட்சிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. அச்சுக்குப் போகும் முன் படியை எனக்கு அனுப்பினார்கள். அதில் மூன்று வரிகள். ‘வடிவமைப்பு’ என்பதற்கு எதிரே என் பெயர். ‘கைவினை’ என்பதற்கு எதிரே ‘உள்ளூர் மகளிர்’. ‘மூலப்பொருள்’ என்பதற்கு எதிரே ‘தூய இமயமலைக் கம்பளி’. மூன்றும் பிழை. திருத்தம் எழுதி அனுப்பினேன். வாங்குவோருக்கு இத்தனை விவரம் தேவைப்படாது என்று மிகுந்த மரியாதையுடன் பதில் வந்தது. நாங்கள் விலகிக்கொண்டோம். ‘கிடைத்த மேடையை ஏன் விட்டீர்கள்?’ என்று நண்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது.

முதலில் மூலப்பொருள். காலுறை நூல் என்பது மற்றக் கம்பளி நூல்களைப் போன்றதன்று. சால்வை தோளில் கிடக்கும்; காலுறையோ செருப்புக்கும் குதிகாலுக்கும் இடையில் நாள் முழுதும் அரைபடும். ஆகவே அந்த நூலுக்கு இறுக்கமான முறுக்கும் பல புரிகளும் வேண்டும். தோலை உறுத்தாத மென்மையும் வேண்டும். உலகெங்கும் கைச்சாயம் இடுவோர் பெரும்பாலும் கையாளும் கலவை, நான்கில் மூன்று பங்கு மெரினோ கம்பளி, ஒரு பங்கு நைலான். 100 கிராம் சிட்டத்தில் ஏறத்தாழ 400 மீட்டர். துவைப்பில் சுருங்காமலிருக்க அந்தக் கம்பளிக்கு ‘சூப்பர்வாஷ்’ செய்திருப்பார்கள். குளோரினால் இழையின் செதில்களை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர்ப் பூச்சுக் கொடுப்பதே அது. எங்கள் நூலும் அதே கலவைதான். கம்பளி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நூற்றது பஞ்சாப் ஆலை ஒன்று. இமயமலைக்கு அதில் உள்ள பங்கு ஊற்று நீரும் ஐந்து பெண்களின் மூளையும்தான்.

‘அப்படியானால் உள்ளூர்க் கம்பளியையே பயன்படுத்தக் கூடாதா?’ என்று கருத்தரங்கில் ஒரு மாணவர் கேட்டார். இயற்கைச் சாயம் ஏன் இல்லை என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்விகள், பதில் எளிதன்று. இம்மலைகளில் மேயும் கத்தி இன ஆட்டின் கம்பளி பட்டுவுக்கும் போர்வைக்கும் அருமையானது. மெல்லிய காலுறைக்குச் சொரசொரப்பானது. இராஜஸ்தானத்து மகரா, நாலி இனங்களின் கம்பளி கம்பள நெசவுக்கே பேர்பெற்றது. மென்கம்பளிக்கான முயற்சிகள் நம் நாட்டில் நடவாமலில்லை. அவிகாநகரில் 1962இல் தொடங்கப்பட்ட மத்திய நிறுவனம் பாரத் மெரினோவை உருவாக்கியது. நம் நீலகிரியிலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ முதலிய அயலினங்களைக் கலந்து உருவான நீலகிரி ஆடு உண்டு. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதன் மந்தையைக் காத்துவருகிறது. ஆனால் ஒரு சிறு குழு கடைக்குப் போய் 50 கிலோ காலுறை நூலாக வாங்கும் நிலையில் இவற்றுள் எதுவும் இல்லை.

இயற்கைச் சாயத்தையும் சோதித்தோம். வால்நட் தொலி, மஞ்சிட்டி, படிகாரம் எல்லாம். வால்நட் பழுப்பு அழகாகவே வந்தது. ஆனால் மாணவர் கேட்டதன் உள்ளே இன்னொரு எதிர்பார்ப்பும் இருக்கிறது, அதைத்தான் மறுக்கிறேன். மாநகரத்துக் கைச்சாயக்காரர் அமிலச் சாயமும் அயல்நாட்டு மெரினோவும் பயன்படுத்தினால் அவரைக் கலைஞர் என்கிறோம். மலைக் கிராமத்துப் பெண் அதையே செய்தால் மரபைக் கெடுத்தாள் என்கிறோம். தூய்மையின் சுமையை ஏன் எப்போதும் வருமானம் குறைந்தவர் தலையிலேயே ஏற்றுகிறோம்? குளோரின் கழிவுநீர் எங்கோ ஓர் ஆற்றில் கலக்கிறது என்பதும், நைலான் துகள்கள் துவைக்கும் நீரில் போகின்றன என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கவலையை ஆலைகளிடமும் அரசிடமும் கேட்போம். எங்கள் நூலின் அட்டையில் நைலான் என்று எழுதியே விற்கிறோம்.

இனி வடிவமைப்பு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாதாரணமாக ஒரு சிட்டத்தின் சுற்றளவு ஒன்றரை மீட்டர் இருக்கும். அதன்மேல் நான்கு நிறங்களை இட்டால் ஒவ்வொரு நிறமும் 35, 40 சென்டிமீட்டருக்கு ஒருமுறை மாறும். காலுறையில் பின்னினால் கோடுகள் வாரா. நிறங்கள் ஆங்காங்கே தேங்கித் திட்டுத்திட்டாய் நிற்கும். சிலருக்கு அது பிடிக்கும். நான் பல்கலைக்கழகத்து மடிக்கணினியில் வரைந்து கொண்டுபோன முதல் பன்னிரண்டு வண்ணத் திட்டங்களும் இப்படித்தான் தேங்கின. திரையில் கண்ட நிறவரிசைக்கும் காலில் வந்த சேற்றுக்கும் தொடர்பே இல்லை.

குழுவில் மூத்தவர் ஒருவர். அவரை அம்மாஜி என்றே அழைக்கிறேன். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், முகநூலில் பேரன் இருக்கிறானாம். அவர் 64 கண்ணி போட்டு ஒரு சுற்றுப் பின்னினார். பின்னியதை உருவி எடுத்து முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்து அளந்தார். ஒன்றரை ஹாத். நம் கணக்கில் ஒன்றரை முழம். ஒரு கோட்டுக்கு எட்டுச் சுற்று என்றால் 12 முழம். நான்கு நிறம் என்றால் 48 முழம். எனவே நூலை 48 முழச் சுற்றளவுள்ள வளையமாகச் சுற்ற வேண்டும் என்றார். மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் முற்றத்து வால்நட் மரத்துக்கும் இடையே 24 முழம் எட்டியது. அங்கேயே கட்டினோம்.

அடுத்ததாக அவர் செய்ததுதான் என்னை வாயடைக்க வைத்தது. நூலை ஒற்றையாகச் சுற்றாமல் இரட்டையாகச் சேர்த்துச் சுற்றினார். ஏன் என்று கேட்டேன். ‘கால் இரண்டல்லவா?’ என்றார். இரண்டு இழையும் ஒரே இடத்தில் ஒரே நிறம் பெறும். பிரித்தெடுத்துப் பின்னினால் இடக்காலும் வலக்காலும் ஒன்றுபோலக் கோடு போடும். ஜெர்மனியின் பெரிய காலுறை நூல் நிறுவனங்கள் இயந்திரத்தில் செய்வதும், அயல்நாட்டுக் கைச்சாயக்காரர்கள் தனிச் சட்டங்கள் வைத்துச் செய்வதும் இதே கணக்குத்தான். அம்மாஜி அவர்களைப் பார்த்ததில்லை.

இத்துறை நண்பர்களுக்கு இந்நேரம் பொச்சம்பள்ளியும் பாட்டனத்துப் பட்டோலாவும் நினைவுக்கு வந்திருக்கும். துணியில் எந்த இடத்தில் எந்த நிறம் விழ வேண்டும் என்பதை நெய்யும் முன்பே நூலில் கணக்கிட்டுக் கட்டிச் சாயமிடுவதே இக்கத். கோடு போடும் காலுறை நூல் அந்தச் சிந்தனையின் தூரத்து உறவு. தறிக்குப் பதில் ஊசி. ஆனால் நம் ஆய்வுக் கட்டுரைகளின் சொற்களைக் கவனியுங்கள். கல்லூரியில் படித்தவர் இந்தக் கணக்கைச் செய்தால் ‘வடிவமைப்பு’. படிக்காதவர் செய்தால் ‘மரபறிவு’. மரபறிவு என்ற சொல் மதிப்பளிப்பதுபோல் ஒலித்தாலும், அவர் நேற்று மாலை யோசித்துக் கண்டுபிடித்ததை அவருடைய பாட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. பாட்டிக்கு இது தெரியாது. அவர் காலத்தில் இந்த நூலே இல்லை.

லாஹௌல் காலுறைகளுக்கும் கையுறைகளுக்கும் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியான செய்தி. அக்குறியீடு ஊரையும் மரபையும் காக்கும். ஒரு பெண் இன்று புதிதாய்ச் செய்ததை அவள் பெயரால் சுட்ட அதில் இடமில்லை; அது அதன் வேலையும் அன்று. அந்த வேலையைச் செய்யக்கூடியது அட்டையின் மேல் உள்ள ஒரு வரிதான். அந்த வரியைத்தான் கேட்டோம்.

நிறத்தின் பெயரில் யார் வாழ்கிறார்கள் என்பது நமக்குப் புதிய கதையன்று. ‘எம்.எஸ். புளூ’ என்றால் எந்தத் தமிழ் வீட்டிலும் விளங்கும். எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காக அந்த நீலத்தைக் கொண்டுவந்தவர் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார். உடுத்தியவரின் பெயர் நிறத்தின்மேல் நின்றது. உருவாக்கியவரின் பெயர் கட்டுரைகளின் இடைவரியில் நிற்கிறது. அவருக்காவது இடைவரி கிடைத்தது. சாயத்தொட்டியருகே நின்ற மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. எங்கள் குழுவில் நிறங்களுக்குப் பெயரிடுவது பெண்களின் உரிமை என்று முதலிலேயே முடிவு செய்தோம். நான் ‘அந்திப் பொன்’ வகையில் சில பெயர்கள் வைத்திருந்தேன். அவர்கள் வைத்தவை: ‘பஸ் தவறிய காலை’, ‘மாமியார் கோபம்’, ‘ஆப்பிள் விலை விழுந்த ஆண்டு’. கடைசியது சாம்பலும் மங்கிய சிவப்பும். அதுதான் முதலில் விற்றுத் தீர்ந்தது.

விலையைப் பற்றிப் பேசாமல் முடியாது. மணாலிச் சந்தையில் கையால் பின்னிய அக்ரிலிக் காலுறை ஒரு சோடியை 200 ரூபாய்க்கு வாங்கினேன்; எனக்கு முன்னால் நின்றவர் பேரம் பேசி 150க்கு வாங்கிப் போனார். எங்கள் சிட்டம் ஒன்று 1,100 ரூபாய். அதாவது பின்னாத நூல், பின்னிய காலுறையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். மூலப்பொருளின் வேறுபாடு இதில் ஓரளவுதான். நூல் வாங்குபவர் தம் ஓய்வு நேரத்தின் இன்பத்துக்குப் பணம் தருகிறார். காலுறை வாங்குபவர் இன்னொருத்தியின் ஓய்வற்ற நேரத்துக்கு எதுவும் தருவதில்லை. பின்னுவதில் கிடைக்கும் கூலியைவிடப் பின்னாமல் விட்டுவைப்பதில் கூலி அதிகம் என்பதை இந்தப் பெண்கள் முதல் மாதமே கண்டுகொண்டார்கள். நான் அதைக் கட்டுரையாக எழுத ஓராண்டு ஆயிற்று.

‘சுயாதீன’ நூல் என்று எங்களை அழைக்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆலை 300 கிலோவுக்குக் குறைந்து வெள்ளை நூல் தராது என்றது. வேறொருவர் ஏற்றுமதி ஆணை இரத்தாகி மிஞ்சிய 40 கிலோ கிடைத்ததால்தான் தொடங்கினோம். எவரோ ஒருவரின் நட்டத்தின்மேல் நின்றது எங்கள் சுயாதீனம். அந்த நாற்பது தீர்ந்ததும் மூன்று மாதம் சும்மா இருந்தோம்.

எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதற்குளிர்காலத்தில் ஒரு தொகுதி சிவப்பு சாயம் கக்கியது. பெங்களூரிலிருந்து ஓர் ஆசிரியை படம் அனுப்பினார். வெள்ளைக் குதிகால் இளஞ்சிவப்பாய் இருந்தது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொப்பரையும் விரைவில் சூடிறங்கும். அமிலச் சாயம் இழையில் முழுதும் ஏறினால் நீர் தெளிந்துவிட வேண்டும். அன்று மாலை விறகு குறைவு, எனக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். நீர் தெளியும் முன் இறக்கச் சொன்னது நான். இன்னும் சற்று எலுமிச்சை உப்பும் அரைமணி நேரமும் வேண்டும் என்று அம்மாஜி சொன்னார். நான் கேட்கவில்லை. பதினொரு சிட்டங்களுக்குப் பணம் திருப்பினோம். பட்டியலில் ‘வடிவமைப்பு’ என்பதற்கு எதிரே என் பெயரைக் கண்டபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் பதினொன்றுதான்.

இப்போது எங்கள் அட்டையை நாங்களே அச்சிட்டுவிட்டோம். கம்பளி: ஆஸ்திரேலியா. நூற்பு: பஞ்சாப். கலவை: மெரினோ 75, நைலான் 25. நிறமும் அளவும்: அந்தச் சிட்டத்தைச் செய்தவரின் பெயர், நாகரியில், அவர் கையெழுத்திலேயே. அம்மாஜி இதிலும் தம் முழுப்பெயரை எழுத மறுத்து, ஒரு முழங்கையை வரைந்து கொடுத்திருக்கிறார். கணக்கு எழுதுவது என் வேலை. அதற்கு அட்டையில் இடம் தேவையில்லை.

அடுத்த தொகுதி ஏப்ரலில், ஆப்பிள் பூத்த பிறகு. 64 கண்ணிக்கு ஒன்றரை முழம் என்பது அம்மாஜியின் கையிறுக்கத்துக்கான கணக்கு. தளர்வாய்ப் பின்னுவோருக்குக் கோடு மெலிந்துவிடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். காலுறை பின்னத் தெரிந்தவர்கள் இந்த வட்டத்தில் இருந்தால் எழுதுங்கள், 20 கிராம் மாதிரி அனுப்புகிறேன். ஒரு சுற்றுப் பின்னி, உருவி, அளந்து சொல்லுங்கள். சென்டிமீட்டரில் சொன்னால் போதும். முழமாக மாற்றுவதை அவர் பார்த்துக்கொள்வார்.