கெண்டை மீனும் பேடண்டும்

அணுபுரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "லினக்ஸ் மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தக்கூடிய இயங்குதளம் ஒன்றில் என் பிள்ளை புதிதாக ஒரு வலையமைப்பு வசதியைச் சேர்க்கிறான். 'பேடண்ட் இருந்தால் வழக்கு வரும்' என்று சிநேகிதன் பயமுறுத்துகிறானாம். சொந்தமாக எழுதியதற்குமா வழக்கு?"

வரலாம், அம்மா. சமையல் புத்தகத்தைக் காப்பியடித்து அச்சிட்டால் பதிப்புரிமைக் குற்றம். பேடண்ட் வேறு ரகம். மைசூர்பாகு கிளறும் முறை ஒன்றுக்கு ஒருவர் பேடண்ட் வாங்கியிருந்தால், அவர் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் நீங்களாகக் கண்டுபிடித்துக் கிளறி விற்றாலும் தப்புத்தான்!

இது வெறும் பூச்சாண்டி இல்லை. வலையமைப்பின் வாசலில் நிற்கும் ரௌட்டர் படுத்துவிட்டால் ஆபீஸே ஸ்தம்பித்துவிடும். ஆகையால் இரண்டை வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே விலாசம் கொடுப்பார்கள். மூத்த மருமகள் "நான் இருக்கிறேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். குரல் நின்றால், இளையவள் கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்வாள். இதற்காக 1998-ல் 'விஆர்ஆர்பி' என்ற பொது நெறிமுறை வந்தது. "அதில் எங்கள் பேடண்ட் அடங்கியிருக்கிறது" என்றது ஸிஸ்கோ கம்பெனி.

கனடாவிலிருந்து நடக்கும் ஓபன்பிஎஸ்டி கூட்டத்தார் சண்டைக்கும் போகவில்லை, சரணாகதியும் அடையவில்லை. வேறு வழியில் புதிதாக ஒன்றை எழுதினார்கள். குரல் கொடுப்பவள் நிஜமான மூத்தவள்தானா என்று ரகசியக் குறியீட்டால் சோதிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். 'கார்ப்' என்று பெயரிட்டு 2004 மே மாதம் வெளியிட்டார்கள். கார்ப் என்றால் கெண்டை மீன்! அவர்கள் சின்னமோ பேத்தை மீன். கல்பாக்கம் பக்கத்துக்காரரான உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கெண்டை நீந்திப் போய் ஃப்ரீபிஎஸ்டியிலும் குடியேறிவிட்டது.

நம் தேசத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி வெறும் கம்ப்யூட்டர் நிரலுக்குப் பேடண்ட் கிடையாது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தத் தளர்த்தல் இல்லை. சென்னையில் ஸி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் போன்றவற்றுக்கு இது பெரிய அரண். ஆனால் 'வெறும்' என்ற சொல்லில் ஒரு சந்து இருக்கிறது: கருவியோடு சேர்ந்த கண்டுபிடிப்பு என்று காட்டிப் பேடண்ட் வாங்குகிறவர்கள் உண்டு. கடல் கடந்தால் அந்த ஊர்ச் சட்டம்.

உங்கள் பிள்ளைக்கு மூன்று வார்த்தை. பேடண்டின் ஆயுள் 20 வருஷம். காலாவதியான முறையை யாரும் கையாளலாம். எழுதியதைத் தேதியோடு பகிரங்கமாக வெளியிடட்டும். பின்னால் அதே யோசனைக்கு வேறொருவர் பேடண்ட் கேட்டால், "இது முன்பே இருக்கிறது" என்று காட்ட உதவும். 2007-ல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு போன்ற உரிமத்தைத் தேர்ந்தெடுத்தால், அதில் பங்களிப்பவர்கள் பின்னால் தங்கள் பேடண்டைக் காட்டி மிரட்ட முடியாது. ஆனால் வெளியாரை அது கட்டாது. வியாபாரமாக்கும் முன் வக்கீலைக் கேட்பது உத்தமம்.

மற்றபடி, பையன் தைரியமாக எழுதட்டும். வழியை ஒருவர் அடைத்தார் என்பதற்காக ஊரே பயணத்தை நிறுத்திவிடுமா என்ன?